சாணமும் தோலும்: மாட்டின் உபபொருள்களும் தமிழ்ச் சமூகத்தில் உழைப்பின் மதிப்பும்

தமிழர் பொருளாதார வாழ்க்கையில் மாடு பெற்ற இடம்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே வற்புறுத்துவர். ஒன்று ஏரையும் வண்டியையும் இழுத்த அதன் வலு. மற்றையது அது தந்த பால். இறைச்சிபற்றிய பேச்சு எழுமாயின் அது விரைவிலே சமயச் சர்ச்சையாக மாறிவிடுகின்றது. ஆயின் இம்மூன்றுக்கும் அப்பால், மாடு உயிருடன் இருக்கும்போதும் இறந்த பின்னரும் மனிதனுக்குத் தந்த பொருள்கள் பல. சாணம், தோல், வார், நரம்பு, கொம்பு, எலும்பு, கொழுப்பு, கோரோசனை என அவை விரியும். இவை இன்றேல் வீட்டு நிலம் மெழுகப்பட்டிராது. தோட்டத்திற்கு எரு கிடைத்திராது. கிணற்று நீர் வயலுக்கு ஏறியிராது. கோயிலில் முரசு ஒலித்திராது.

இப்பொருள்களின் வரலாற்றை நோக்குமிடத்து முரண்பாடொன்று முன்வந்து நிற்கின்றது. மாட்டின் சாணம் பூசைக்குரிய இடத்தைத் தூய்மை செய்கின்றது. அதே மாட்டின் தோலை உரித்தவரோ ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்டார். இதற்கு மரபுவழி கூறப்படும் விளக்கம் எளியது: உயிருள்ள மாட்டிலிருந்து பெறப்படுவது தூயது, இறந்த மாட்டிலிருந்து பெறப்படுவது தீட்டுடையது. சமூகவியல் ஆய்வாளர் சிலரும் இவ்விளக்கத்தைச் சிறு மாற்றங்களுடன் ஏற்றுக்கொண்டுள்ளனர். இவ்விளக்கம் வரலாற்றுச் சான்றுகளுக்கு ஈடுகொடுக்கின்றதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழகத்துச் சான்றுகளும் ஈழத்துச் சான்றுகளும் இங்கு எடுத்தாளப்படுகின்றன.

1. சாணம்: எருவும் எரிபொருளும்

தென்னிந்தியாவிற் சாணத்தின் வரலாறு புதிய கற்காலம்வரை பின்செல்கின்றது. பெல்லாரி, ராய்ச்சூர் முதலிய பகுதிகளிற் காணப்படும் பெருஞ் சாம்பல்மேடுகள் நெடுங்காலம் அறிஞரை மயக்கின. அவற்றை எரிமலைச் சாம்பல் என்றவரும் உலோகம் உருக்கிய கழிவு என்றவரும் உளர். இன்று தெலங்கானா மாநிலத்திலுள்ள உட்நூரில் 1957இல் அகழாய்வு நடத்திய எவ். ஆர். ஓல்சின், அவை மாட்டுப் பட்டிகளிற் குவிந்த சாணம் காலத்துக்குக் காலம் எரிக்கப்பட்டதனால் உருவானவை என நிறுவினார். தென்னிந்தியப் புதிய கற்கால மாடு வளர்ப்போர்பற்றிய அவரது நூல் 1963இல் வெளிவந்தது. நகரமும் எழுத்தும் தோன்றுமுன் இப்பகுதி மனிதன் விட்டுச்சென்ற மிகப் பெரிய கட்டுமானம் சாணத்தின் சாம்பலாலானது என்பது மனங்கொள்ளத்தக்கது.

வேளாண் சமூகத்திற் சாணத்தின் பயன் பன்மடங்காயிற்று. மண்தரையும் நெற்களமும் அதனால் மெழுகப்பட்டன. கூடைகளினதும் குதிர்களினதும் இடைவெளிகளை அடைக்கும் பூச்சாகவும் அது அமைந்தது. அடுத்த பருவத்துக்குரிய பூசணி முதலியவற்றின் விதைகளைச் சாணத்திற் பதித்துச் சுவரில் ஒட்டி உலரவிட்டுப் பூச்சி அணுகாது காத்தனர். வறட்டியாகி அடுப்பெரித்தது, எரிந்தபின் திருநீறாகி நெற்றிக்கு ஏறியது. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் மங்கல நாள்களிற் சாணகத்தைப் பிடித்து அறுகம்புல் சூடிப் பிள்ளையாராக வைத்து வணங்கும் வழக்கம் இன்றும் உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டச் செய்கை எருவையே அடித்தளமாகக் கொண்டது. இங்கு பேராறுகள் இல்லை. வண்டல் கொண்டுவரும் வெள்ளமும் இல்லை. கிணற்று நீரும் மாட்டெருவும் ஆட்டெருவும் இலைகுழைகளுமே புகையிலையையும் மிளகாயையும் வெங்காயத்தையும் விளைவித்தன. இரவில் மந்தையைத் தோட்ட நிலத்திற் பட்டி அடைத்து, அதன் சாணமும் சலமும் நிலத்திற் சேரச் செய்யும் வழக்கம் இருந்தது. அவ்வாறு அடைப்பதற்கு மந்தையின் உடைமையாளர் கூலி பெற்றனர். எரு அங்கு விலைப்பண்டமாயிருந்தது. திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகி யாழ்ப்பாணத்துக்குப் பெரும்பொருள் ஈட்டித்தந்த புகையிலையின் பின்னால் இந்தப் பட்டி மாடுகள் நின்றன.

எருவின் ஆற்றலுக்கு எல்லையும் உண்டு. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. ஈரச் சாணத்தில் ஒரு சதவீதத்திற்கும் குறைவு. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தபோது இந்த எளிய கணக்கே மறக்கப்பட்டது. வேண்டிய அளவு எருவைத் திரட்டவோ சுமக்கவோ நாட்டில் மாடும் இல்லை, ஆளும் இல்லை. விளைச்சல் வீழ்ந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தனர், அவ்வாண்டு நவம்பரிலே தடை கைவிடப்பட்டது. பழைமையின் பொருளை மட்டும் மீட்டெடுத்து, அதனைத் தாங்கிய உழைப்பை மறந்துவிடும் போக்குக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

குடியேற்ற ஆட்சியாளர் சாணத்தை வேறொரு கோணத்திற் கண்டனர். எருவாக வேண்டியதை இந்திய விவசாயி அறியாமையால் எரித்து வீணாக்குகின்றான் என்பது அவர்தம் வழமையான குற்றச்சாட்டு. இந்திய வேளாண்மையை ஆராய்ந்து 1893இல் அறிக்கை வெளியிட்ட ஜோன் ஒகஸ்டஸ் வொல்க்கர் இதனை அவ்வாறே ஏற்கவில்லை. விறகு கிடையாமையே சாணத்தை எரிப்பதற்குக் காரணம் என்றும், விறகு கிடைக்குமிடத்து விவசாயி சாணத்தை நிலத்துக்கே இடுகின்றான் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். காடுகள் அரசுடைமையாக்கப்பட்டு மக்களுக்கு அடைக்கப்பட்ட காலம் அது என்பதை நாம் சேர்த்து நினைத்தல் வேண்டும்.

சாணத்தைக் கூடையில் அள்ளியவரும், வறட்டி தட்டியவரும், முற்றம் மெழுகியவரும் பெரும்பாலும் பெண்களே. வசதியுள்ள வீடுகளில் மாட்டுத் தொழுவத்தைக் கூட்டி அள்ளும் வேலை பண்ணையாட்களின் தலையில் விழுந்தது. தூய பொருள் எனப்பட்ட சாணம் அதனை அள்ளியவருக்குத் தூய்மையைத் தரவில்லை.

இதனினும் கொடிய சான்று தஞ்சை மாவட்டத்தில் உண்டு. அங்கு பண்ணையடிமைகளாயிருந்த தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளருக்கு நிலவுடைமையாளர் அளித்த தண்டனைகள் இரண்டு. ஒன்று சவுக்கடி, மற்றையது சாணிப்பால், அதாவது சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றுதல். 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் அங்கு எழுந்த விவசாயிகள் இயக்கம் போராடி ஒழித்தவற்றுள் இவை முதன்மையானவை. பூசைப்பொருளான பஞ்சகவ்வியத்திற் சேரும் சாணமும் அடிமையின் வாயில் ஊற்றப்பட்ட சாணமும் ஒன்றே. பொருளிலே தூய்மை குடிகொண்டிருந்ததாயின் இந்தத் தண்டனைக்குப் பொருளே இல்லை. அதனை யார் யாருக்குக் கொடுக்கின்றார் என்ற அதிகார உறவே அதன் தன்மையைத் தீர்மானித்தது.

2. முரசும் ஊசியும்

தோலின் வரலாற்றிலும் இதே உண்மை வெளிப்படுகின்றது. சங்க காலத்து அரசனின் இறைமைச் சின்னங்களுள் முரசு தலையாயது. ஒன்றோடொன்று பொருத இரு காளைகளுள் வென்றதன் தோலை மயிர் சீவாது போர்த்த முரசுபற்றிப் புறநானூற்றின் 288ஆம் பாடல் கூறும். அந்த முரசு நீராட்டப்பட்டது, பலி பெற்றது, அதற்கெனத் தனிக் கட்டில் இருந்தது. அக்கட்டிலில் அறியாது உறங்கிய மோசிகீரனாரைச் சேரமன்னன் வாளுக்கு இரையாக்காது கவரி வீசி நின்ற செய்தி பலரும் அறிந்ததே.

இறந்த காளையின் தோல் அரசனின் அவையில் தெய்வத்தன்மை பெற்றது. அதே தொகைநூலின் 82ஆம் பாடலிலே தோல்வாரினாற் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவன் காட்சி தருகின்றான். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழையும் பெய்கின்றது, பொழுதும் சாய்கின்றது. அவன் கையிலுள்ள ஊசியின் விரைவு போரின் விரைவுக்கு உவமையாகின்றது. உழைப்பாளியின் அவசரத்தை இத்துணை நுட்பமாகக் கண்ட புலவர் அவனைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல் 'இழிசினன்' என்பதாகும். பிற்காலச் சாதியமைப்பு அக்காலத்திலேயே முழுமை பெற்றிருந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் தோற்பொருளுக்கு உயர்வும் தோற்றொழிலாளிக்கு இழிவும் வழங்கும் போக்கு அப்போதே தோன்றிவிட்டது எனலாம்.

சோழர் காலத்தில் நிலவுடைமையும் கோயிலும் இணைந்து வளர்ந்தபோது இப்போக்கு நிறுவன வடிவம் பெற்றது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள், வரி நீக்கப்பட்ட நிலங்களை எண்ணுமிடத்துப் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் திருநாளைப்போவார் வரலாறு இவ்வகையில் மிகச் சிறந்த சமூக ஆவணமாகும். ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேக்கிழார் வருணிக்கும்போது, வார் கிடக்கும் முன்றில்களையும், உழத்தி தன் குழந்தையைத் தோலின்மேற் கிடத்தி உறக்கும் மருதமர நிழலையும், பறைகள் தொங்கும் மாமரங்களையும் காட்டுகின்றார். வயலுழைப்பும் தோலுழைப்பும் ஒரே குடியின் தோளில் இருந்தமை இதனாற் புலனாகும்.

நந்தனார் கோயில்களுக்கு அளித்தவற்றையும் சேக்கிழார் வகைப்படுத்துகின்றார். பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் இழுத்துக் கட்டும் வாரும். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு. இறைவனின் அருச்சனைக்குக் கோரோசனை. இப்பட்டியல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். மாட்டின் உடலை அறுத்துத் திறந்தாலன்றி அது கிடைப்பதில்லை. இறந்த உடலின் உள்ளிருந்து எடுக்கப்பட்ட அப்பொருள் கருவறையிற் பயன்பட்டது. தோல் கோயிலினுள்ளே முழங்கியது, நரம்பு பண்ணிசைத்தது. இவற்றைக் கொடுத்தவரோ திருப்புன்கூரிலே வாயிலுக்கு வெளியே நின்றார். தில்லையில் தீயிற் புகுந்தெழுந்த பின்னரே உள்ளே செல்ல முடிந்தது. அவர் கொடுத்த தோல் எந்தத் தீயிலும் இறங்காமலே உட்சென்றுவிட்டது. சாவுத்தீட்டு என்பது பொருளைப் பற்றியதாயின் அத்தோலும் கோரோசனையுமே முதலில் விலக்கப்பட்டிருக்க வேண்டும்.

3. கிணற்றடியிற் தோல்

கோயிலில் மட்டுமன்றி உற்பத்தியின் மையத்திலும் தோல் இருந்தது. கொங்கு நாட்டின் தோட்டச் செய்கை ஆழ்கிணறுகளை நம்பியது. எருதுகள் சரிவில் இறங்க, சால் நீரோடு மேலேறும் கவலை இறைப்பு அங்கு பரவலாக வழங்கிற்று. 1800-1801இல் அப்பகுதியூடாகப் பயணஞ்செய்த பிரான்சிஸ் புக்கானன் இவ்விறைப்பு முறையை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். சாலும், அதன் அடியில் யானைத் துதிக்கைபோற் பொருந்தி நீரை வாய்க்காலிற் கொட்டும் குழாயும் தோலினாலானவை. நாளெல்லாம் நனைந்தும் உலர்ந்தும் பாறையில் உரசியும் தேயும் அத்தோலை இடையிடையே தைக்கவும் மாற்றவும் வேண்டும். பதனிடுதல், அளந்து வெட்டுதல், நீர் கசியாது தைத்தல் ஆகியன நுண்ணிய அறிவை வேண்டுவன. அவ்வறிவின் உடைமையாளர் இன்று அருந்ததியர் என அழைக்கப்படும் மாதாரி மக்கள்.

ஊரில் மாடு இறந்தால் அதனை அகற்றும் கடமையும் அதன் தோலுக்குரிய உரிமையும் அவர்களுடையன. அதற்கீடாகச் சால், வார், செருப்பு ஆகியவற்றை அவர்கள் நிலவுடைமையாளருக்கு வழங்கினர். அறுவடையில் தானியம் பெற்றனர். இதனை ஒருவர்க்கொருவர் உதவும் கிராம ஒற்றுமை எனப் புகழ்ந்தோர் உளர். எனினும் இவ்வுறவில் ஒரு சாரார் கையில் நிலமும் கிணறும் இருந்தன. மறுசாராருக்கு அக்கிணற்றில் நீர் அள்ளும் உரிமையும் இல்லை. அவர்கள் தைத்த தோற்சால் கிணற்றினுள் நாள்தோறும் நூறுமுறை இறங்கியது. அவர்தம் குடம் இறங்கினால் கிணறு தீட்டாயிற்று. தூய்மைக் கோட்பாட்டின் உண்மையான உள்ளடக்கத்தை இதனினும் தெளிவாக விளக்கும் காட்சி வேறில்லை.

1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூர்ப் பகுதியில் மின்னிறைப்பு படிப்படியாகப் பரவிற்று. இயந்திரம் வந்தது, தோற்சால் மறைந்தது, தொழிலும் மறைந்தது. பொருளே இழிவின் காரணமாயிருந்திருந்தால் பொருளோடு இழிவும் மறைந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. தொழிலிழந்தோர் நிலமற்ற கூலிகளாயினர். நகரங்களிலே துப்புரவுப் பணிக்குத் தள்ளப்பட்டனர். பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் தோட்டங்களுக்கும் நகரசபைத் துப்புரவுப் பணிக்கும் கொண்டுவரப்பட்டோருள்ளும் இம்மக்கள் இருந்தனர். தோலைத் தொட்டறியாத அவர்தம் பேரப்பிள்ளைகளையும் தோலின் பெயரால் வந்த இழிவு தொடர்ந்தது.

4. சந்தையின் கையில்

19ஆம் நூற்றாண்டில் தோல் கிராமத்தை விட்டு உலகச் சந்தைக்குச் சென்றது. ஆவாரம்பட்டையாற் பதனிடப்பட்ட சென்னை மாகாணத்து மாட்டுத்தோல் இலண்டன் வணிகரிடையே தனிமதிப்புப் பெற்றது. சென்னைப் பெரியமேடு, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய இடங்களிலே பதனிடும் சாலைகள் பெருகின. முஸ்லிம் வணிகர் இத்தொழிலில் முதன்மை பெற்றனர். 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் மனிதரோடு மாடுகளும் மடிந்தபோது தோல் ஏற்றுமதி உயர்ந்தது. விவசாயியின் அழிவு வணிகனுக்கு மூலப்பொருளாயிற்று. முதலாம் உலகப்போரில் பிரித்தானியப் படையின் காலணிகளுக்காகச் சென்னைத் தோலை அரசு தன் கட்டுப்பாட்டிற் கொண்டது. 1903இல் அல்பிரட் சற்றர்ட்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியிற் தொடங்கிய குரோமியப் பதனிடு முறை பின்னாளிற் பெருந்தொழிலாக வளர்ந்து பாலாற்றின் நீரைக் கெடுத்தது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் மாசுக்குக் காரணமானோரே அதன் செலவை ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

தோல் எங்கே அணியப்படுகின்றது என்பதும் அரசியலாயிற்று. 1806 யூலை 10இல் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தமைக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று, தோற்குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகை. தோளிலும் இடையிலும் தோற்பட்டை தாங்கிய அதே சிப்பாய்கள் தலையில் அதனை ஏற்க மறுத்தனர். தோல் காலுக்குரியது, தலைக்குரியதன்று என்பது அவர்கள் உணர்வு. சமூகத்தின் மேல்கீழ் வரிசை உடலின் மேல்கீழ் வரிசையாகவும் அமைந்திருந்தமையை இது காட்டுகின்றது.

எலும்பும் கொழுப்பும் கண்ணுக்குத் தெரியாத வடிவங்களில் வீடுகளுட் புகுந்தன. எலும்புக்கரி சீனியை வெண்மையாக்கியது. எலும்புத்தூள் ஐரோப்பிய வயல்களுக்கு உரமாயிற்று. கொழுப்பு மெழுகுதிரியும் சவர்க்காரமுமாயிற்று. எலும்பிலும் தோலிலுமிருந்து பெறப்படும் ஜெலற்றின் 1871இன் பின் ஒளிப்படத் தகட்டின் அடிப்படையாயிற்று. ஜெலற்றினின் ஒளியுணர்வு, மாடு மேய்ந்த கடுகுச் செடிகளின் கந்தகச் சேர்வையைச் சார்ந்திருப்பதை 1920களில் கொடாக் நிறுவன ஆய்வாளர் ஷெப்பர்ட் கண்டறிந்தார். கோயிலுக்கு நிகராகத் தமிழர் கூடிய திரையரங்குகளில் ஓடிய படச்சுருள் ஒவ்வொன்றும் மாட்டின் எலும்பையோ தோலையோ ஏதோ அளவிற் கொண்டிருந்தது. 1922 சனவரியில் தொறொன்ரோவில் முதல் நீரிழிவு நோயாளிக்கு ஏற்றப்பட்ட இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1982இல் மனித இன்சுலின் செயற்கையாக உற்பத்தியாகும்வரை நீரிழிவாளர் பலர் மாட்டின் கணையத்தாலும் பன்றியின் கணையத்தாலும் உயிர் வாழ்ந்தனர். ஆலையிற் செய்யப்பட்டுப் போத்தலில் அடைக்கப்பட்டு வந்தபோது அதில் எவரும் தீட்டுக் காணவில்லை. உழைத்த கை கண்ணுக்கு மறைந்ததும் தீட்டும் மறைந்துவிட்டது.

5. பறையும் மிருதங்கமும்

இசைக்கருவிகளில் இம்முரண்பாடு இன்றும் வாழ்கின்றது. மிருதங்கத்திற்குப் பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் வேண்டும். அதனை வாசிப்போர் மேடையிற் போற்றப்பட, தோலைத் தேர்ந்து பதப்படுத்திச் சுருதிக்கேற்பக் கட்டும் தலித் கிறித்தவக் குடும்பத்தினர் நெடுங்காலம் பெயரற்றிருந்தனர். ரி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட நூல் அவர்களின் வரலாற்றைக் கூறியது. அந்நூலின் வெளியீட்டுக்கு மண்டபம் வழங்கிய சென்னைக் கலைநிறுவனமொன்று இறுதிநேரத்தில் அனுமதியை மீளப்பெற்றது. மாட்டுத்தோல் மேடையில் இருக்கலாம். அதுபற்றிய பேச்சு மேடையில் இருத்தலாகாது போலும்.

ஈழத்திற் பறைமேளம் இதே கதையின் மறுபக்கம். மட்டக்களப்புப் பிரதேசப் பறைமேளக் கலைஞர்பற்றி டெனிஸ் மக்கில்வ்றே 1983இல் வெளியிட்ட ஆய்வு, கோயிற் சடங்கிலும் மரணச் சடங்கிலும் அவர்கள் இன்றியமையாதோராய் இருந்தும் இழிந்தோராகவே வைக்கப்பட்டமையை விவரிக்கின்றது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதனை நடைமுறையாக்க 1966 ஒற்றோபர் 21ஆந் திகதி எழுச்சி ஊர்வலமும், தேநீர்க்கடைப் பிரவேசமும், 1968இல் மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டமும் வேண்டியிருந்தன. இழிவுத் தொழிலைக் கைவிடுதல் விடுதலையின் முதற்படி எனப் பலர் பறையைத் துறந்தனர், அது நியாயமே. தமிழகத்தில் 1990கள் முதல் அதே பறையை விடுதலையின் முழக்கமாக ஏந்தினர், அதுவும் நியாயமே. இரண்டிலும் முடிவெடுத்தோர் உழைத்தோரே என்பதுதான் முதன்மையானது.

அந்த உரிமை இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. 2016 யூலையில் குஜராத்தின் ஊனா அருகே, இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர் பசுக்காவலர் எனப்பட்டோராற் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அதன்பின் சுரேந்திரநகரில் தலித் மக்கள் இறந்த மாடுகளைக் கொண்டுவந்து அரச அலுவலக வாயிலிற் போட்டு, இனி நீங்களே அகற்றுங்கள் என்ற கருத்தை உணர்த்தினர். நூற்றாண்டுகளாய் யார் செய்த வேலையின்மேல் ஊரின் தூய்மை நின்றது என்பது சில நாள்களிலே அனைவருக்கும் புலனாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் ஒரு முடிவை நோக்கியே செல்கின்றன. உயிருள்ள மாட்டின் சாணம் தண்டனையாகவும் பயன்பட்டது. இறந்த மாட்டின் தோலும் கோரோசனையும் கோயிலுள் ஏற்கப்பட்டன. ஆகவே தூய்மையும் தீட்டும் பொருள்களின் இயல்புகள் அல்ல. உழைப்பின் பயனைக் கவர்ந்துகொண்டு, உழைப்பாளியை விலக்கி வைப்பதற்கு நிலவுடைமைச் சமூகம் வகுத்த கருத்தியலே அவை. பண்டம் எல்லைகளைக் கடந்தது. அதைச் செய்தவர் கடக்கலாகாதென்பதே அக்கருத்தியலின் சாரம்.

எதனையும் வீணாக்காத பண்பாடு எம்முடையது என இன்று பெருமையுடன் பேசப்படுகின்றது. அது மெய்யே. எனினும் எதையும் வீணாக்காதிருந்தவர் எவர் என்ற வினாவை நாம் உடன் எழுப்புதல் வேண்டும். கல்வெட்டும் காவியமும் போதா. தோல் பதனிட்டவரும் பறை கட்டியவரும் வழங்கிய தொழிற்சொற்களும், அளவைகளும், அனுபவ அறிவும் அம்முதியவர்களோடு மறைந்து வருகின்றன. அவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவுசெய்து, அறிவுடைமையாளர் என்ற உரிய இடத்தை வரலாற்றில் அவர்களுக்கு அளித்தல், தமிழியல் மாணவர் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.